பழைய கடிதங்களைப் பதிப்பிப்பது எப்படி: கட்டை அவிழ்ப்பதிலிருந்து அச்சுக்குக் கொடுப்பது வரை

பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்குகிறது. உள்ளே கட்டுக் கட்டாகக் கடிதங்கள். ஆய்வு மாணவர் ஒருவர் கையில் அது வந்து சேர்ந்ததும் அவர் செய்யும் முதல் காரியம், நூலை அவிழ்த்து, கண்ணில் பட்ட சுவையான கடிதத்தைப் படிக்கத் தொடங்குவது. பிறகு வரும் சிக்கல்களில் பாதி அந்த நிமிடத்தில் பிறந்துவிடுகிறது.

இந்த வழிகாட்டி, ஏறத்தாழ 1860 முதல் 1940 வரை எழுதப்பட்ட தமிழ்க் கடிதங்களைப் பதிப்பிக்க நினைப்பவர்களுக்கானது. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படி முடிந்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது.

தொடங்கும் முன் வேண்டியவை

பென்சில், கோட்டுத்தாள் நோட்டு, அமிலமில்லாத காகித உறைகள், நல்ல வெளிச்சம் விழும் மேசை, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி. பேனா அந்த மேசைக்கு வரக்கூடாது. ஒரு துளி மை பட்டால் எடுக்க முடியாது. கையுறையும் வேண்டாம். துணிக் கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு குறைந்து, மடிப்பில் தாள் கிழிகிறது. கழுவித் துடைத்த வெறுங்கை போதும்.

புத்தகங்களில் மூன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. இரண்டு, 1862இல் வெளியான வின்சுலோ அகராதி. அந்தக் காலத்துப் பேச்சுவழக்கும் வடசொல்லும் அதில் நிறையக் கிடைக்கும். மூன்று, எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளையின் காலக்கணிப்பு அட்டவணைகள். அறுபது ஆண்டுப் பெயர்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒரு நாளைக்கு இருபது முறை அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

1. அனுமதி வாங்குங்கள், எழுத்தில்

கடிதத் தாள், பெற்றவருக்கோ அவர் வாரிசுக்கோ சொந்தம். அதில் எழுதியிருக்கும் வாசகத்தின் பதிப்புரிமை, எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும் சொந்தம். புதிதாக வருபவர்கள் பெட்டியைக் கொடுத்தவரிடம் மட்டும் அனுமதி கேட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு தவறும் உண்டு. “எழுதியவர் இறந்து 60 வருடம் ஆகிவிட்டது, இனி யாரையும் கேட்க வேண்டாம்” என்பார்கள். அச்சில் வந்த நூல்களுக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் எழுதியவர் இறக்கும் வரை வெளிவராத எழுத்துக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே 60 ஆண்டு, முதன்முதலில் வெளியான ஆண்டை வைத்து எண்ணப்படுகிறது. பழைய கடிதங்களில் இது சிக்கலான விஷயம். அச்சுக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். குடும்பத்தாரிடம் வாங்கும் அனுமதியில், எல்லாக் கடிதங்களையும் வெளியிடலாமா, சிலவற்றை விலக்க வேண்டுமா என்பதை இப்போதே எழுதி வாங்குங்கள். எல்லாம் தட்டச்சு ஆன பிறகு “இதை மட்டும் எடுத்துவிடுங்கள்” என்று ஒருவர் சொன்னால் பதிப்பே உடைந்துவிடும்.

2. அவிழ்க்கும் முன் எண் கொடுங்கள்

கட்டு கட்டப்பட்டிருக்கும் முறையே ஒரு சான்று. பெற்றவர் தம் கையால் ஆள்வாரியாகவோ ஆண்டுவாரியாகவோ கட்டி வைத்திருப்பார். தேதி இல்லாத கடிதம் எந்த இரண்டு கடிதங்களுக்கு நடுவே இருந்தது என்பது, பின்னால் அதன் காலத்தைச் சொல்லக்கூடும். அவிழ்த்துக் குலைத்துவிட்டால் அந்தத் தகவல் போனது போனதுதான்.

அதனால் கட்டுக்கு ஓர் எண், உள்ளே மேலிருந்து கீழாகக் கடிதத்துக்கு ஓர் எண். கட்டு 3, கடிதம் 14 என்றால் 3/14. தாளின் பின்புறம், மூலையில், பென்சிலால் மெல்ல எழுதுங்கள். உறை இருந்தால் அதற்கும் அதே எண். உறையைப் பிரித்துத் தனியே அடுக்குவது பலர் செய்யும் தவறு. அஞ்சல் முத்திரை உறையில்தான் இருக்கிறது. உறையை இழந்த கடிதம் பாதி முகவரியை இழந்த கடிதம்.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள். தாளோடு வந்துவிடும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். இராமபாணப் பூச்சி துளைத்த தாளைத் தட்டையாக வைத்து, உறையில் போட்டு, காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

3. படம் எடுங்கள்

முன்பக்கம், பின்பக்கம், உறையின் இரு பக்கம், ஓரத்தில் எழுதியது. கார்டில் இடம் தீர்ந்ததும் தாளைத் திருப்பி ஓரத்தில் குறுக்காக நான்கு வரி எழுதுவது அக்காலத்தில் சாதாரணம். முக்கியமான செய்தி பல நேரம் அங்கேதான் இருக்கும். கோப்பின் பெயரும் அதே எண்ணாக இருக்கட்டும்; கோப்புப் பெயரில் சாய்கோடு ஏற்காது என்பதால் 3-14 என்று எழுதுங்கள். இனிமேல் வேலை படத்தை வைத்து நடக்கும். மூலத்தைத் தொடுவது சந்தேகம் வரும்போது மட்டும்.

4. விதித்தாள் ஒன்று எழுதுங்கள்

படியெடுக்கத் தொடங்கும் முன், எதை அப்படியே வைப்போம், எதை மாற்றுவோம் என்று ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பத்துக் கடிதங்களைச் சோதனையாகப் படியெடுத்து, விதிகளைத் திருத்தி, அப்புறம் பூட்டிவிடுங்கள். நூறாவது கடிதத்தில் விதியை மாற்றினால் முதல் தொண்ணூற்றொன்பதையும் மறுபடி பார்க்க வேண்டும்.

என் விதிகளைச் சொல்கிறேன். புள்ளி இல்லாத மெய்க்குப் புள்ளி வைக்கிறேன். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை இன்றைய முறைக்குக் கொண்டுவருகிறேன். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய ணை, லை, னை, றா போன்றவற்றின் பழைய வடிவங்களை இன்றைய வடிவத்தில் தருகிறேன். இவை எழுத்தின் உருவம் மட்டுமே, சொல் மாறுவதில்லை.

ஆனால் சொல்லைத் தொடுவதில்லை. சந்தி விடுபட்டிருந்தால் விடுபட்டபடியே. “க்ஷேமம்” என்று எழுதியவர் க்ஷேமம் என்றுதான் எழுதினார். அதை “நலம்” என்றோ “சேமம்” என்றோ மாற்றுவது அவர் வாயில் நம் சொல்லைத் திணிப்பது. ஒரே ஆள் 1890இல் “க்ஷேமம்” என்றும் 1920இல் “நலம்” என்றும் எழுதியிருந்தால், அந்த முப்பது வருடத்தில் தமிழில் நடந்த ஒரு பெரிய மாற்றம் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. திருத்தினால் அது மறைந்துவிடும்.

கிழிந்து போனதை ஊகித்து நிரப்பினால் சதுர அடைப்புக்குள். படிக்க முடியாததற்குப் புள்ளிகள். அடித்து எழுதியிருந்தால், அடித்த சொல்லையும் அடிக்குறிப்பில் தாருங்கள். ஒருவர் “கோபம்” என்று எழுதி அடித்துவிட்டு “வருத்தம்” என்று எழுதினால், அந்தக் கடிதத்தில் அதைவிட முக்கியமான இடம் வேறு இருக்காது.

5. படியெடுங்கள்: குறியீடுகளில் கவனம்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. தமிழ் எண்களும் எழுத்துகளும் ஒன்றுபோலவே இருக்கும். ௧ பார்க்க க போல, ௨ உ போல, ௭ எ போல, ௮ அ போல, ௰ ய போல. இவற்றோடு நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸.

என்னிடம் வேலை பழகிய ஒருவர் மூன்று கடிதங்களில் “ஷையார்” என்று ஓர் ஆளைக் கண்டுபிடித்து, அவர் யார் என்று ஒரு வாரம் தேடினார். அப்படி யாருமில்லை. ௸ என்ற குறியைக் கையெழுத்தில் பார்த்தால் ஷை போலத்தான் தெரியும். “௸யார்” என்றால் மேற்படியார், அதாவது முன் வரியில் சொன்ன அதே ஆள். குறியீட்டுப் பட்டியலை முதல் நாளே அவர் கையில் கொடுக்காதது என் தவறு. இப்போது யார் வந்தாலும் முதல் மணிநேரம் அதற்குத்தான்.

பெயருக்கு முன் வரும் “ம-ரா-ரா-ஸ்ரீ” என்பது மகாராஜராஜஸ்ரீ. அது மரியாதை முன்னொட்டு, பெயரின் தலைப்பெழுத்து அல்ல. கடிதத் தலையில் தனியாக நிற்கும் உ, பிள்ளையார் சுழி. எண் இரண்டு அல்ல. பழைய கையெழுத்தில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், ஒரு சொல் பொருள் தராவிட்டால் முதலில் காலை ரகரமாக்கிப் படித்துப் பாருங்கள். ஐந்தில் மூன்று முறை கதவு திறக்கும்.

ஒருவருடைய கையெழுத்து பழக இருபது கடிதமாவது ஆகும். எனவே ஒரே கையெழுத்தில் உள்ளவற்றைச் சேர்ந்தாற்போலப் படியுங்கள். முதல் ஐந்தைக் கடைசியில் மறுபடி படியுங்கள். நிச்சயம் பிழை இருக்கும்.

6. ஒப்புநோக்குங்கள், இருவராக

ஒருவர் படத்தைப் பார்த்து உரக்கப் படிக்க, மற்றவர் தட்டச்சைச் சரிபார்க்க வேண்டும். படியெடுத்தவரே படிக்கக்கூடாது. அவர் கண் தாளில் இருப்பதைப் பார்க்காது, தான் எழுதியதைத்தான் பார்க்கும். ஒரு நாளைக்கு இரண்டு மணிநேரத்துக்கு மேல் இதைச் செய்யாதீர்கள். இந்தப் படி முடியாமல் தேதிக்குப் போகாதீர்கள், ஏனென்றால் தேதி ஓர் எழுத்தை நம்பி நிற்கும்.

7. தேதியைத் தீர்மானியுங்கள்

ஒரு கார்டின் தலையில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “சர்வசித்து௵ தை௴ ௰௨௳”. பழகாதவர் இதை “சர்வசித்து வரு தை மீ யஉ உ” என்று எழுதுவார். பழகியவர் சர்வசித்து வருடம், தை மாதம், 12ஆம் தேதி என்று சரியாகப் படித்துவிட்டு, அட்டவணையைப் பார்த்து 1887 என்று போடுவார். அதுவும் தவறு.

சர்வசித்து 1887 ஏப்ரலில் தொடங்கி 1888 ஏப்ரலில் முடிகிறது. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். மார்கழியின் பிற்பாதியும் அப்படித்தான். எனவே இந்தக் கார்டு 1888 ஜனவரியைச் சேர்ந்தது. இந்த ஒரு பிழையால் பதில் கடிதம் கேள்விக் கடிதத்துக்கு முன்னால் அச்சாகிவிடும். நான் கைப்பிரதியாகப் பார்த்த ஒரு தொகுப்பில் ஒன்பது கடிதங்கள் இப்படி இடம் மாறியிருந்தன.

அடுத்த கேள்வி, எந்தச் சர்வசித்து? 1827, 1887, 1947 மூன்றிலும் அந்தப் பெயர் வருகிறது. இந்தியாவில் அஞ்சலட்டை 1879 ஜூலை 1ஆம் தேதிதான் வந்தது, விலை காலணா. ஆகவே கார்டு என்றால் 1827 அல்ல. அதில் விக்டோரியா ராணியின் தலை இருந்தால் 1947உம் அல்ல. மிச்சம் 1887-88. அதன் பிறகு முத்திரையைப் பாருங்கள். அனுப்பிய ஊர் முத்திரையும் சேர்ந்த ஊர் முத்திரையும் இரண்டும் இருந்தால் கடிதம் எத்தனை நாளில் போனது என்பதும் தெரியும்.

கிழமை கொடுத்திருந்தால் அட்டவணையில் சரிபாருங்கள். ஒரு நாள் வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம்; மாதப் பிறப்பைக் கணக்கிடுவதில் பஞ்சாங்கங்களுக்குள் ஒரு நாள் வேறுபாடு உண்டு. மூன்று நாள் வித்தியாசம் வந்தால், எண்ணையோ ஆண்டையோ தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுக் கடிதங்களில் மலையாள நாட்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு வரும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824உம், அதற்கு மேல் ஆவணி பிறக்கும் வரை 825உம் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். நிலம், வரி பற்றிய கடிதங்களில் பசலி, அதாவது வருவாய்த்துறையின் ஆண்டுக் கணக்கு, வரும். அதற்கு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆண்டு கிடைக்கும். பசலி பிறப்பது ஜூலையில் என்பதை மறக்காதீர்கள்.

தேதியே இல்லாவிட்டால் உள்ளடக்கம். உ.வே.சாமிநாதையரின் பதிப்புகள் வெளியான ஆண்டுகள் நமக்குத் தெரியும்: சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. “பத்துப்பாட்டுப் பிரதி கிடைத்தது” என்று ஒருவர் எழுதினால் 1889க்கு முன் இருக்க முடியாது. ஆனால் எச்சரிக்கை: அச்சாகும்போதே பாரம் பாரமாக, அதாவது அச்சான சில பக்கங்களாக, அறிஞர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதும் உண்டு. “கிடைத்தது” முழு நூலா, பாரமா என்று பார்க்காமல் ஆண்டைப் போடாதீர்கள். நீங்கள் தீர்மானித்த தேதி எப்போதும் சதுர அடைப்புக்குள், காரணம் குறிப்பில். நாளைக்கு ஒருவர் நம்மைத் திருத்த அதுதான் வழி.

8. எழுதியவர், பெற்றவர், பேசப்பட்டவர்

ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை போடுங்கள். ஊர், தொழில், எந்தெந்தக் கடிதத்தில் வருகிறார் என்று. சாமிநாதையரின் சேகரத்தில் ஐரோப்பியத் தமிழறிஞர்களான ஜி.யு. போப்பும், பாரிஸிலிருந்து எழுதிய ஜூலியன் வின்சோனும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களை அடையாளம் காண்பது எளிது. அச்சுக்கூடத்து மேலாளர், ஏடு கொண்டுவந்த பண்ணையார், ஊர்க் கணக்குப்பிள்ளை ஆகியோர்தான் கடினம். கடிதங்களை உயிரோடு வைத்திருப்பவர்களும் அவர்களே. அவர்களை “அடையாளம் தெரியவில்லை” என்று சீக்கிரம் கைகழுவிவிடாதீர்கள்.

உறவுச் சொல்லை ஊரை வைத்துப் படியுங்கள். “ஆச்சி” நெல்லையில் பாட்டி, செட்டிநாட்டில் மணமான பெண்ணுக்கு மரியாதைச் சொல். பிராமணக் குடும்பங்கள் சிலவற்றில் பிள்ளைகள் அப்பாவையே “அண்ணா” என்று அழைத்தார்கள். இது தெரியாமல் வம்சாவளி வரைந்தால் தகப்பன் தமையனாகிவிடுவார். குடும்பத்தில் வயதான ஒருவர் இருந்தால், பட்டியலோடு போய் உட்கார்ந்து கேளுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். நூலகம் காத்திருக்கும், எண்பத்தைந்து வயதுப் பெரியவர் காத்திருக்க மாட்டார்.

9. மறுபாதியைத் தேடுங்கள்

ஒருவர் வீட்டில் கிடைப்பவை அவருக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதியவை மற்றவர்கள் வீட்டில் கிடக்கும், அல்லது அழிந்திருக்கும். சாமிநாதையர் தமக்கு வந்தவற்றைப் பாதுகாத்தார்; அவை சென்னை பெசன்ட் நகரில், 1943இல் தொடங்கிய அவர் பெயர் தாங்கிய நூலகத்தில் இருக்கின்றன. அவர் எழுதியவற்றுக்கு வெவ்வேறு ஊர்களில் கதவு தட்ட வேண்டும்.

பதில் கிடைக்காத இடத்தில், கடிதத்துக்குள்ளேயே அதன் நிழல் இருக்கும். “தாங்கள் கேட்ட ஏட்டில் முதல் பத்து ஓலை இல்லை” என்றால், தொலைந்த கடிதத்தில் அவர் ஏடு கேட்டிருக்கிறார். இப்படித் தொலைந்த கடிதங்களுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பழைய இதழ்களையும் பாருங்கள். சில கடிதங்கள் அந்தக் காலத்திலேயே அச்சாகியிருக்கும். அச்சு வடிவத்தில் என்ன வெட்டினார்கள் என்பதும் அப்போது தெரியவரும்.

10. குறிப்பு எழுதுங்கள், குறைவாக

வாசகர் வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எது இல்லாமல் முடியாதோ அதற்கு மட்டும் குறிப்பு. “பங்கியில் அனுப்பினேன்” என்ற இடத்தில் குறிப்பு வேண்டும். பங்கி என்பது பார்சல் தபால் என்று இன்று யாருக்கும் தெரியாது. திருக்குறள் என்றால் என்ன என்பதற்குக் குறிப்பு வேண்டாம். கடிதத்தைப் பற்றிய நம் அபிப்பிராயம் முன்னுரையில் இருக்கட்டும், அடிக்குறிப்பில் வேண்டாம். தேதியும் ஆளும் முடிவாகும் முன் குறிப்பு எழுதினால் பாதியைத் திரும்ப எழுத வேண்டும். அதனால்தான் இது பத்தாவது படி.

11. எதை விடுவது

என் நிலை: வெட்டாதீர்கள். காசு கேட்ட வரி, வயிற்றுவலி, மழை, “இவ்விடம் யாவரும் க்ஷேமம்” எல்லாம் இருக்கட்டும். அறிஞரைப் பற்றி நாம் கட்டிய சிலையைவிட, அச்சுக்கூலிக்குக் கடன் கேட்டுத் தவித்த மனிதர் பெரியவர். உயிரோடு இருப்பவர்களைக் காயப்படுத்தும் வரி இருந்தால் குடும்பத்தோடு பேசுங்கள். விட்டே ஆக வேண்டும் என்றால், விட்ட இடத்தில் குறி போட்டு, எத்தனை வரி என்று சொல்லிவிடுங்கள்.

12. அச்சுக்குக் கொடுக்கும்போது

யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பு, அச்சகத்தில் பழைய எழுத்துரு முறைக்கு மாறும்போது ௵, ௸ போன்றவை கட்டமாகவோ வெற்றிடமாகவோ ஆகிவிடும். கிரந்த எழுத்தும் சில இடத்தில் உடையும். அச்சகம் திருத்தத்துக்குத் தரும் முதல் மெய்ப்பில் மற்ற எதையும் பார்க்கும் முன் இவற்றை மட்டும் தேடுங்கள். பெயரடைவு, ஊரடைவு, நூலடைவு மூன்றையும் பக்க எண் முடிவான பிறகே தொடங்குங்கள். ஒரே ஆள் மூன்று பெயரில் வந்தால் ஓரிடத்தில் சேர்த்து, மற்ற இரண்டிலிருந்தும் வழிகாட்டுங்கள்.

படங்களின் ஒரு பிரதியையும் எண் பட்டியலையும் குடும்பத்தாரிடம் கொடுங்கள், இன்னொன்றை ஒரு நூலகத்தில் வையுங்கள். மூலக் கடிதங்களைக் கட்டு எண்படி திரும்ப அடுக்கி, எண்ணிப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.